திரைக்குப் பின்னால் பத்து முறை

சீட்டுக் குலுக்கலில் எனக்கு இயந்திரத்தின் பக்கம் விழுந்தது. பிறகு நடந்த எல்லாமே அந்த ஒரு துண்டுக் காகிதத்திலிருந்து கிளைத்தவை.

தில்லியில் எங்கள் தமிழ் வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றம் நடத்தும். பெரிய அமைப்பு அல்ல. கிட்வாய் நகர், மோதி பாக் அரசுக் குடியிருப்புகளில் வாழும் குடும்பங்களும், குருகிராமிலிருந்தும் நொய்டாவிலிருந்தும் மெட்ரோ பிடித்து வரும் இளைஞர்களும் சேர்ந்தால் ஒரு சின்ன அரங்கம் நிறையும். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதை அவரவர் நம்பிக்கை தீர்மானிப்பதில்லை. ஓர் எவர்சில்வர் டம்ளர் தீர்மானிக்கிறது. இரண்டு அணித் தலைவர்களும் அதற்குள் கைவிட்டு ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். எடுத்த பக்கத்தின்மேல் மூன்று நாள்களுக்குள் நம்பிக்கையும் வந்துவிட வேண்டும்.

அணித் தலைவர்களில் ஒருவன் நான். மூன்று ஆண்டுகளாக அந்த நாற்காலி என்னுடையது. பள்ளிப் பேச்சுப்போட்டியில் தொடங்கி, ஒலிவாங்கிக்கு முன்னால் எப்படி நிற்பது, எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் பழகிப் பழகி அந்த நாற்காலிக்கு வந்தவன். அதில் எனக்குப் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்யாகும்.

அந்த மாதத் தலைப்பு: 'இயந்திரம் இசையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?' வளர்க்கிறது என்ற சீட்டு எனக்கு. கெடுக்கிறது என்ற சீட்டு எதிரணித் தலைவிக்கு. அவர் மதுரைக் குடும்பத்துப் பெண். கிட்வாய் நகரில் எங்கள் குடியிருப்புக்கு மூன்று கட்டடம் தள்ளிப் பிறந்து வளர்ந்து, இப்போது ஒரு நிதி நிறுவனத்தில் பணியாற்றுகிறார். கல்லூரி இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். நானும் ஓரளவு வாசிப்பேன். ஆனால் அவரிடம் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருந்தது. கிட்டாரின் சிற்றொலியைச் சூடான கண்ணாடிக் குழல்களால் பேரொலியாக்கும் பழைய வகைப் பெட்டி அது. கிட்டார்க்காரர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகத் தாழும்.

நான் பேச எடுத்துக்கொண்டது அதற்கு நேர் எதிரான ஒன்றை. ஆம்ப் மாடலர். அத்தகைய வால்வுப் பெட்டிகள் பலவற்றின் குணத்தையும் கணக்குகளாக மாற்றித் தனக்குள் வைத்துக்கொண்டு, கேட்டபோது கேட்ட பெட்டியாக ஒலிக்கும் எண்ணிமக் கருவி; ஒரு டிபன் பாக்ஸைவிடச் சற்றே பெரியது. அதைப் பற்றி மேடையில் ஆறு நிமிடம் முழங்கினேன். ஏழாவது நிமிடத்தில்தான் அந்த வாக்கியம் வந்தது.

"நடுவர் அவர்களே! இந்த மேடையில் ஒரு திரையைக் கட்டுங்கள். அதன் பின்னால் வால்வுப் பெட்டியையும் வையுங்கள், எண்ணிமப் பெட்டியையும் வையுங்கள். ஒலிப்பது எது என்று இந்த அவையில் ஒருவர், ஒரே ஒருவர்கூடப் பிழையின்றிச் சொல்லிவிட முடியாது. சொல்லிவிட்டால், இந்தத் தலைமை நாற்காலியை விட்டு இறங்குகிறேன்!"

கைதட்டல் வரும் இடம் எனக்குத் தெரியும். அங்கே ஒரு மூச்சு நிறுத்தி, அது எழுந்து தணியும்வரை காத்திருப்பது என் பழக்கம். காத்திருந்தேன். வந்தது.

எதிரணித் தலைவி எழுந்தார். ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினார். "திரையை நான் கொண்டுவருகிறேன். வால்வுப் பெட்டியையும் நானே கொண்டுவருகிறேன். தலைவர் தம்முடைய கிட்டாரையும் அந்த நாற்காலியையும் மட்டும் கொண்டுவந்தால் போதும்" என்றார். என் கைதட்டலைவிட அவருக்கு வந்தது நீளம்.

நடுவர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி, குறும்புக்காரர். "வாய் பேசியது போதும். அடுத்த மாதம் காது தீர்ப்புச் சொல்லட்டும்" என்று அவையை ஒத்திவைத்தார்.

வெளியே தேநீரும் சமோசாவும் வைத்திருந்த மேசைக்கு அருகே எதிரணித் தலைவி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவரே, ஒண்ணு கேக்கவா? அந்த மாடலரை நீங்க தொட்டாவது பாத்திருக்கீங்களா?"

"படிச்சிருக்கேன்."

"எங்க வச்சு?"

"மெட்ரோல."

"எத்தன ஸ்டேஷன்?"

யோசித்தேன். "ஏழு."

அவர் கையிலிருந்த தேநீர் தளும்பியது. "ஏழு ஸ்டேஷன் படிச்சிட்டு நாற்காலியப் பணயம் வச்சிட்டீங்களா! நல்லவேளை, எட்டாவது ஸ்டேஷன் வரலை. வீட்டையும் வச்சிருப்பீங்க."

*

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாடலரை ஆசையாக வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டவர். திரைப் பரீட்சை முடியும்வரை வைத்துக்கொள்ளும்படி இரவலாகத் தந்தார். மறுநாள் காலை, அலுவலகம் புறப்பட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கையில், கிட்டாரை அதில் இணைத்தேன். அரசுக் குடியிருப்பின் சுவர் எவ்வளவு மெல்லியது என்பது அதற்குள் வாழ்பவர்களுக்குத் தெரியும். ஆகவே ஹெட்போன்தான் கதி. மாட்டிக்கொண்டு ஒரே ஒரு தந்தியைத் தட்டினேன்.

என் காதுகளுக்கு நடுவே ஓர் அரங்கம் எழுந்து நின்றது.

அந்தக் கணத்தை இப்போது நினைத்தாலும் முதுகு நிமிர்கிறது. அதுவரை என்னிடம் இருந்தது ஒரு சின்னப் பயிற்சிப் பெட்டி; அதில் என் கிட்டார் எப்போதும் ஜலதோஷம் பிடித்ததுபோல் ஒலிக்கும். இங்கே அதே கிட்டார், அதே விரல். ஆனால் ஒலி மலையிலிருந்து இறங்கி வந்தது. 'பிரீசெட்' எனப்படும் ஆயத்த ஒலிகள் உள்ளே வரிசையாகக் காத்திருந்தன. ஒன்றைத் திருப்பினால் மழைக்கால மாலை. இன்னொன்றைத் திருப்பினால் இரும்புப் பாலத்தில் ரயில். கெயின் என்ற குமிழைத் திருகத் திருக, சுத்தமான சுரம் கரகரத்தது, பிறகு உறுமியது. இன்னும் கொஞ்சம் கெயின். கீழே இடிக்கட்டுமே என்று பேஸ். மேலே மின்னட்டுமே என்று டிரெபிள். இரண்டுக்கும் இடைப்பட்ட மிட் எதற்கு என்று விளங்காததால் அதைக் குறைத்தேன். குறைத்ததும் ஒலி இன்னும் பிரம்மாண்டமாயிற்று. இவ்வளவுக்கும் மேல் எக்கோ. நான் மேடைக்காரன்; எக்கோ இல்லாத மகிமை எனக்குப் பிடிபடாது.

நிமிர்ந்தபோது அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார், கையில் பாதி நறுக்கிய பீன்ஸுடன். ஹெட்போனைக் கழற்றினேன்.

"என்னடா இது? தலைய ஆட்டுற, கண்ண மூடுற. எனக்கு டிக் டிக்னு கொசு பேட் அடிக்கிற மாதிரிதான் கேக்குது."

"உனக்குக் கேக்காதும்மா. உள்ள மலையே இடிஞ்சு விழுது."

"விழட்டும். டிபன் ஆறுது."

இரண்டு வாரம் இப்படியே கழிந்தது. அந்த ஒலிக்கு 'வெற்றி' என்று பெயரிட்டுச் சேமித்தும் வைத்தேன்.

*

பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை நண்பகல், ஒத்திகைக்காக அரங்கம் சென்றோம். எதிரணித் தலைவி தன் வால்வுப் பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கொரு புறம் பிடித்துத் தூக்கினோம்; அதன் கனத்தில் என் வாதத்துக்குச் சாதகமான குறிப்பு ஒன்று இருந்ததை அப்போதே சொன்னேன். "கனமான பேச்சுன்னா கைதட்டுவாங்க, கனமான பெட்டின்னா மட்டும் ஆகாதோ?" என்றார்.

அரங்கின் ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் 'மைக் பையா' என்போம். பிகார்க்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் எங்கள் பேச்சாளர்கள் ஒவ்வொருவர் குரலும் அவருக்கு அத்துப்படி. மாடலரின் கம்பியை எந்த இணைப்பில் சொருகுவது என்று கேட்டார். நான் தயங்காமல் சொன்னேன்: "என் இணைப்பில்." மேடையில் நான் பேசும் ஒலிவாங்கிக்குரிய அதே இணைப்பு. என் குரல் வெற்றிபெற்ற வழியில்தானே என் கிட்டாரும் போக வேண்டும்?

'வெற்றி'யைத் திருப்பி, முழுக் கையால் ஓர் அடி அடித்தேன்.

குளவிக் கூட்டைக் குடத்துக்குள் போட்டு உலுக்கியதுபோல் ஒன்று அரங்கில் சுழன்றது. சுரம் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. அடித்து நிறுத்திய பிறகும் அது பின்சுவரில் முட்டித் திரும்பி வந்து என்னையே நலம் விசாரித்தது.

எதிரணித் தலைவி நாற்காலியில் அமர்ந்து சிரித்தார். சிரிப்பை அடக்க முயன்று, மேலும் சிரித்தார்.

மைக் பையா மட்டும் கவலையோடு எட்டிப் பார்த்தார். "பாயி சாப், எக்கோ தோ சல் ரஹா ஹை. பாஷண் வாலா."

பேச்சுக்கான எக்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எங்கள் பேச்சாளர்கள் மேடையேறியதும் கேட்கும் முதல் வரம் "எக்கோ கொஞ்சம் வைங்க" என்பதுதான். அதிலும் நான் கேட்டது மற்றவர்களைவிடக் கூடுதல். அவர் அதை என் இணைப்பில் நிரந்தரமாக வைத்துவிட்டிருந்தார். நான் வீட்டில் ஓர் எக்கோவை உள்ளே வைத்துக்கொண்டு வந்து, இங்கே இன்னொரு எக்கோவுக்குள் சென்று விழுந்திருந்தேன்.

அதை அணைத்தார். மீண்டும் அடித்தேன். குளவிகள் போய்விட்டன, ஆனால் ஒலியும் போய்விட்டிருந்தது. காதில் மலையாக நின்றது, அரங்கில் காகிதமாகச் சலசலத்தது.

எதிரணித் தலைவி சிரிப்பை நிறுத்தி, காதைத் தீட்டிக் கேட்டார். "மேல சீறுது, கீழ குமுறுது. நடுவுல ஆளே இல்ல, தலைவரே." பிறகு என் கிட்டாரை வாங்கித் தன் பெட்டியில் இணைத்து ஒரே ஒரு சுரம் வாசித்தார். உருண்டையாக, ஓரம் லேசாகக் கரகரத்து, கடைசி வரிசைவரை நடந்து போய் அமர்ந்தது அது. வாதத்தில் தோற்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் ஒரே ஒரு சுரத்திடம் தோற்றது அன்றுதான்.

"நாற்காலிய நல்லாத் துடைச்சு வைங்க. நான்தான் உக்காருவேன்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

மறுநாள் காலை பால்கனியில் வெயில் விழுந்திருந்தது. தில்லிக் குளிர்காலத்தில் வெயில் விழும் இடமே வீட்டின் கூடம். மாடலரை அங்கே கொண்டுபோய் வைத்து, 'வெற்றி'யை அழித்தேன். எல்லாக் குமிழ்களையும் நடுவில் நிறுத்தினேன். எக்கோ இல்லை, அலங்காரம் இல்லை. ஒரு பெட்டி, ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான்.

மாடலரின் சின்னத் திரையில் அந்த ஸ்பீக்கரின் படமும் அதன் முன்னால் ஓர் ஒலிவாங்கியின் படமும் இருந்தன. இரண்டு வாரமும் அந்தப் படத்தை நான் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். அன்று தற்செயலாக விரல் பட்டு ஒலிவாங்கி நகர்ந்தது. நகர்ந்ததோடு ஒலியும் மாறியது.

எழுந்து நின்றுவிட்டேன்.

ஏனென்றால் உலகில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டென்றால், அது ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையிலான தூரம். பதினான்கு வயதிலிருந்து அதைத்தான் பழகியிருக்கிறேன். வாயை ஒட்டி வைத்தால் குரல் குமுறும். நேருக்கு நேர் வைத்தால் 'ப'கரம் வெடிக்கும், 'ச'கரம் சீறும். ஒரு சாண் விலகி, சற்றே பக்கவாட்டில் நின்றால்தான் சொல் முழுதாகப் போய்ச் சேரும். அரங்குக்கு அரங்கு அந்தச் சாண் மாறும். மாறுவதை முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். இந்தப் பெட்டிக்குள்ளும் அதேதான் நடந்துகொண்டிருந்தது! நான் குமிழ்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒலிவாங்கியோ ஸ்பீக்கரின் நட்டநடுவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்று சீறியது.

திரையில் அதை ஓரத்துக்கு நகர்த்தினேன். சீறல் தணிந்தது. கொஞ்சம் பின்னால் இழுத்தேன். குமுறல் கலைந்தது. இன்னும் ஒரு விரல் அகலம். கிட்டாரைத் தட்டினேன். சுரம் ஒரு சொல்லைப்போல முழுதாக வெளியே வந்து நின்றது.

"ஆ!" என்று கத்தியிருக்க வேண்டும். அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"என்னடா ஆச்சு? ஷாக் அடிச்சுதா?"

"மைக்கும்மா! மைக்கத் தள்ளி வைக்கணும்!"

அம்மா பால்கனி முழுவதும் பார்த்தார். அங்கே மைக் எதுவும் இல்லை. "அச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அது சம்மதம் அல்ல; என்னவோ செய்து தொலை என்பதற்கு எங்கள் வீட்டுச் சொல்.

அதன் பிறகு பிடித்தது வெறி என்றே சொல்ல வேண்டும். மற்ற குமிழ்களையும் பேச்சாகவே கேட்கத் தொடங்கினேன். மிட் என்பது மனிதக் குரல் வாழும் இடம். அதைக் குறைத்தவன் மேடையில் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டுபவன். அதை ஏற்றினேன். கெயின் என்பது ஆவேசம். முதல் வாக்கியத்திலேயே தொண்டை கிழியக் கத்துபவனை மூன்றாம் வாக்கியத்தில் யாரும் கேட்பதில்லை. பாதியாகக் குறைத்தேன். மெதுவாகத் தட்டினால் தெளிவு, அழுத்தித் தட்டினால் கரகரப்பு என்று இரண்டும் இப்போது என் விரலுக்குள் வந்தன. பேஸை வெட்டினேன், அரங்கமே போதுமான பேஸைக் கொடுக்கும். எக்கோவைக் கடைசிவரை தொடவில்லை. அதைத் தொடாமல் இருந்ததுதான் எல்லாவற்றிலும் கடினம்.

ஹெட்போனில் அந்த ஒலி ஏழையாகக் கேட்டது. சின்னதாக, கொஞ்சம் மூக்கால் பேசுவதாக. முந்தைய மலையோடு ஒப்பிட்டால் அது ஒரு மேடு. ஆனாலும் நம்பினேன். கண்ணாடி முன்னால் அழகாக இருக்கும் பேச்சு அரங்கில் எடுபடுவதில்லை என்பதும் நான் அறிந்ததுதானே.

அடுத்த சனிக்கிழமை நண்பகல் மைக் பையா மறுபடியும் அரங்கைத் திறந்துவிட்டார். இம்முறை வேறோர் இணைப்பு, வெறும் இணைப்பு. வாசித்தேன். நன்றாக இருப்பதுபோல் இருந்தது. ஆனால் மேடையில் நிற்பவனுக்கு எல்லாமே நன்றாக இருப்பதுபோல்தான் இருக்கும். கடைசி வரிசையில் எப்படி இருக்கிறது? கம்பி அவ்வளவு நீளம் இல்லை. கிட்டாரை மைக் பையாவின் தோளில் மாட்டிவிட்டேன்.

"மே பஜாவூம்?" என்றார். நானா வாசிப்பது என்ற வெட்கமும் மகிழ்ச்சியும் அவர் முகத்தில் சேர்ந்தே வந்தன.

"பஸ், தார் மாரியே", தந்தியைத் தட்டினால் போதும் என்று சொல்லிவிட்டு ஓடினேன். நாற்காலிகளுக்கு நடுவே ஓடி, கடைசி வரிசைக்குப் போய், சுவரில் முதுகைச் சாய்த்துக் கையை உயர்த்தினேன். அவர் கட்டைவிரலால் எல்லாத் தந்திகளையும் ஒரு தடவு தடவினார்.

வந்தது! முழு அரங்கத்தையும் கடந்து, உருண்டையாக, ஓரம் லேசாகக் கரகரத்து, என் நெஞ்செலும்பில் வந்து தட்டியது. இத்தனை ஆண்டு மேடையில் பேசியிருக்கிறேன். என் குரலைக் கடைசி வரிசையில் நின்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எவராலும் கேட்க முடியாது. அன்று கேட்டேன். நான் அமைத்த ஒலி, நான் இல்லாத இடத்திலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது. "ஏக் பார் அவுர்!" என்று கத்தினேன். அவர் இன்னொரு முறை தடவினார். இன்னொரு முறை. பிறகு நான் கேட்காமலே தொடர்ந்தார்.

அப்போது கதவருகே ஒரு குரல். "வாசிக்கிறது யாரு, பையாவா? தலைவர விட நல்லா இருக்கே!"

எதிரணித் தலைவி தன் பெட்டியைச் சரிபார்க்க வந்திருந்தார். கேலி அத்தோடு முடிந்தது. மேடைக்கு வந்து, என்னை வாசிக்கச் சொல்லி, தன் பெட்டியில் ஒரு முறை, மாடலரில் ஒரு முறை என்று கேட்டார். ஒலிபெருக்கிக்கு அருகே போய்த் தலையைச் சாய்த்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி" என்றார். நான்காம் முறை இன்னும் நெருங்கிக் குனிந்தார். கண்கள் மின்னின. அது எதிரணியின் பார்வை அல்ல, கிட்டார்க்காரியின் பார்வை.

"மைக்க எங்க வச்சிருக்கீங்க?"

காட்டினேன்.

"ஓரத்துலயா... அம்புட்டுதானா?" என்றார். பிறகு திரும்பிக்கொண்டு, "சரி சரி, ரொம்பப் பூரிக்காதீங்க. அடுத்த வாரம் பாப்போம்" என்றார். ஆனால் அந்தப் பூரிப்பு அவர் குரலிலும் இருந்தது.

*

பரீட்சைக்கான ஏற்பாடுகளை எதிரணித் தலைவியே கறாராக வகுத்தார். வால்வுப் பெட்டி மேடைக்குப் பின்னுள்ள அறையில் கதவடைத்து வைக்கப்படும். அதன் முன்னால் ஓர் ஒலிவாங்கி. மாடலர் என் காலடியில். இரண்டும் ஒரே ஒலிபெருக்கியின் வழியே, ஒரே சத்த அளவில். அதற்கு மைக் பையா பொறுப்பு. ஒன்று சும்மா இருக்கும்போது அதன் இரைச்சல் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டும் இயங்கிக்கொண்டே இருக்கும். நான் திரைக்குப் பின்னால் ஒரே இசைத் துணுக்கைப் பத்து முறை வாசிக்க வேண்டும். எந்த முறை எந்தப் பெட்டி என்பதை எவர்சில்வர் டம்ளர் தீர்மானிக்கும். நடுவர் திரைக்குப் பின்னால் என்னருகே அமர்ந்து சீட்டெடுத்துக் காட்டுவார். நான் காலால் பொத்தானை மிதித்து மாற்றிக்கொள்வேன். அவையினர் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. பத்து வரிகள்; வால்வா, பெட்டியா, அதாவது மாடலரா, என்று எழுத வேண்டும்.

அரங்கம் நிறைந்திருந்தது. திரை போட்டார்கள். வாழ்வில் முதல் முறையாக, ஒரு மேடையில் நான் இருந்தும் என்னை எவரும் பார்க்கவில்லை.

நடுவர் முதல் சீட்டைக் காட்டினார். வால்வு. மிதித்தேன், வாசித்தேன். அடுத்தது பெட்டி. மிதித்தேன், வாசித்தேன். மீண்டும் பெட்டி. திரைக்கு அப்பால் பென்சில்கள் உரசும் ஓசையும், "எனக்கு ஒண்ணும் புரியலப்பா, நீ என்ன போட்ட?" என்ற குசுகுசுப்பும், "பாத்து எழுதாத!" என்ற அதட்டலும் கேட்டன. கேட்கக் கேட்க என் உற்சாகம் ஏறியது. அவர்களுக்குத் தெரியவில்லை! ஒன்பதாவது முறை பெட்டி வந்தபோது அந்தத் துணுக்கின் கடைசிச் சுரம் என் விரலடியில் தானாகப் பாடியது.

அட்டைகளைத் திரட்டினார்கள். நடுவர் தன் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒலிவாங்கிக்கு முன் வந்தார். "கையில் வந்த அட்டைகளில் ஒன்றுகூடப் பத்துக்குப் பத்து இல்லை. பலர் ஐந்தில் நிற்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் அதுதான் கிடைக்கும். ஆகவே நாற்காலி அதே தலைவருக்கு!" திரை விலகியது. கைதட்டல் அலையாக வந்தது. வணங்கினேன். அவையினர் தேநீருக்கு எழுந்தார்கள்.

கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். எதிரணித் தலைவி, தன் பெட்டியின் முன்னிருந்த ஒலிவாங்கியைப் பின்னறையிலிருந்து எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்து, "வாழ்த்துகள் தலைவரே. நிஜமாவே நல்ல டோன்" என்றார். அவர் கைப்பையின் ஓரத்தில் ஓர் அட்டை செருகியிருந்தது.

"உங்க அட்டைய நீங்க குடுக்கலையா?"

"அத விடுங்க."

கையை நீட்டினேன். தயங்கிக் கொடுத்தார். முதல் வரி வால்வு. இரண்டு பெட்டி. மூன்று பெட்டி. என் காலுக்கு அந்த வரிசை நினைவிருந்தது. நான்கு, ஐந்து, ஆறு... பத்தும் சரி.

"எப்படி?"

"டோன வச்சு இல்ல. சத்தியமா அதுல எனக்கு வித்தியாசமே தெரியல. நீங்கதான் காட்டிக்குடுத்தீங்க. எது ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? என் பெட்டியில வாசிக்கும்போது, அடுத்தவங்க வீட்டுச் சோபால உக்காந்த மாதிரி வாசிக்கிறீங்க. உங்க பெட்டி வந்ததும் கடைசிச் சுரத்த இழுத்துப் புடிச்சு ஒரு நிப்பு நிக்கிறீங்க. மேடையில கைதட்டலுக்கு நிப்பீங்கள்ல, அதே நிப்பு. மூணு வருஷமா எதிர்ல உக்காந்து பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் சூடாயிற்று. பின்பு அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. ஒருவர், ஒரே ஒருவர்கூட. அந்தச் சொற்களை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அழுத்தமும் நான்தான் கொடுத்தேன்.

"அப்ப நான் தோத்துட்டேன்" என்றேன்.

"லூசா நீங்க? பெட்டியப் பத்திதான் பந்தயம். பெட்டி ஜெயிச்சிருச்சு. நான் கண்டுபிடிச்சது உங்கள. அது செல்லாது."

"செல்லும். 'இந்த அவையில் ஒருவர்கூடச் சொல்ல முடியாது'ன்னேன். டோன வச்சா, வாசிப்ப வச்சான்னு நான் சொல்லல. நீங்க அவையில இருந்தீங்க. சொல்லிட்டீங்க."

"நான் எங்க சொன்னேன்? அட்டையவே குடுக்கலையே!"

"எழுதிட்டீங்கல்ல?"

"எழுதினா? தீர்ப்பு வந்தாச்சு. ஜெயிச்சவரு போய்த் தோத்துட்டேன்னு சண்ட போடுறது எந்த ஊர்ல நடக்கும்? நாற்காலிய வச்சுக்குங்க தலைவரே, உங்களுக்கு வேற பொழப்பு இல்ல!"

"என் வாக்கியத்துக்கு நான்தான் பொறுப்பு. மூணு வருஷம் அந்த நாற்காலியில உக்காந்தது அதுக்குத்தான்."

சிரிப்பொலி கேட்டது. ஓரிருவருடையது அல்ல. திரும்பினேன். அரங்கின் வாசலில், வராந்தாவில், தேநீர்க் கோப்பைகளோடு அனைவரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னறையிலிருந்து எடுத்து வந்த ஒலிவாங்கியை அவர் எங்கள் நடுவே மேசைமேல் வைத்திருந்தார். மைக் பையா பற்களெல்லாம் தெரிய, "மைக் ஆன் ஹை" என்றார்.

நடுவர் சமோசாவை முடித்துவிட்டே மேடைக்கு வந்தார். "என் முப்பது வருஷப் பட்டிமன்ற அனுபவத்தில் எதிரணிக்காக வாதாடிய இரண்டு பேரை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். "தலைப்புக்கான தீர்ப்பு நிற்கிறது. பெட்டி ஏமாற்றியது, ஒப்புக்கொள்கிறேன், என் காதும் ஐந்துக்குமேல் தேறியிருக்காது. ஆனால் நாற்காலியைப் பணயம் வைத்தது பெட்டி அல்ல, பேச்சாளர். பேச்சாளர் சொன்ன சொல்படி நாற்காலி கைமாறுகிறது. இவர் அணிக்கு இனி எதிரணித் தலைவியே தலைவி. இவர் அதில் முதல் பேச்சாளர். தலைவி விட்டுவரும் அணிக்கு வேறு ஆள் பார்ப்போம்."

முதல் பேச்சாளர் என்பது மேடையில் ஓரத்து இருக்கை. ஒலிவாங்கிக்கு மிகத் தொலைவில் உள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே போய் அமர்ந்து பார்த்தேன். ஏதோ ஒன்று வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வலிக்கத்தான் செய்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று உள்ளே துள்ளிக்கொண்டிருந்தது. டோனில் வித்தியாசமே தெரியவில்லை என்றாரே! பதினைந்து ஆண்டு வால்வுப் பெட்டியோடு வாழ்ந்த காது, சத்தியம் செய்து சொன்னதே! வித்தியாசம் தெரிந்ததெல்லாம் என் விரலில், அதுவும் என் ஒலி வந்தபோது நான் மகிழ்ந்ததில்.

வராந்தாவிலிருந்து யாரோ ஒரு மாமி குரல் கொடுத்தார். "அட, அந்தப் பாட்ட இன்னொரு தரம் வாசிப்பா! திரை போட்டு ஒரே இம்சை பண்ணிட்டீங்க, மூஞ்சியே தெரியல!"

புதிய தலைவியைப் பார்த்தேன். அவர் தலைமை நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து, கையை வீசி உத்தரவு கொடுத்தார். "முதல் பேச்சாளர் பேசலாம். ஆனா கடைசிச் சுரத்துல நிக்கக் கூடாது."

சுருட்டிய கம்பியைப் பிரித்து மாடலரில் சொருகினேன். மைக் பையா என்னைப் பார்த்து, நான் கேட்பதற்கு முன்பே எக்கோவின் குமிழை முழுவதுமாகப் பின்னால் திருப்பினார். வாசித்தேன். கடைசிச் சுரத்தில் நின்றேன், வேண்டுமென்றே, மூச்சு முட்டும்வரை.